கருப்புக்கு நேர்ந்துவிட்ட பிராய்லர்

1

சுருளிப்பட்டியில் நேற்று எங்கள் குலசாமி கும்பிடு. முந்தின நாள் சிவராத்திரி. எங்கள் வகையறா மொத்தமும் கருப்பு கோயிலில் கூடி, ராத்திரி முழித்துக் கிடந்து, மறுநாள் கிடாவும் சேவலும் அறுத்து, கறிச்சோறு தின்றுவிட்டு மரத்தடியில் உருண்டிருப்பார்கள். நான் அந்த நேரத்தில் நியூசிலாந்தில் ஒரு பால் பவுடர் ஆலையில், தலையில் வலைத்தொப்பியும் காலில் வெள்ளை பூட்ஸுமாக, மூட்டை தைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இருபது வருசத்துக்குப் பக்கமாக இப்படித்தான் நிற்கிறேன்.

ஒவ்வொரு மாசியிலும் இந்த இரண்டு நாளும் எனக்கு மூஞ்சி தொங்கிப்போகும். மனைவி சாந்தி அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகிவிட்டாள். ஆனால் இந்த வருசம் வழக்கமான வருத்தமில்லை. இந்த வருசம் கருப்புக்கு என் பேரில் ஒரு கோழி நேர்ந்துவிட்டிருந்தது. அதுவும் பிராய்லர் கோழி. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், ஊரே சிரித்து முடித்துவிட்டது.

நேர்ந்துவிட்டவள் என் அக்கா ஈஸ்வரி. வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஊரோடு வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் மாசிக் கும்பிடுக்கு அந்தக் கோழியை அறுத்துப் பொங்கல் வைப்பாள்.

தினமும் வீடியோவில் கோழியைக் காட்டிக்கொண்டிருந்தவள், ஒரு வாரமாகக் காட்டவில்லை. கேட்டால் போனில் கேமரா கெட்டுப்போய்விட்டது என்கிறாள். ஏழு கடல் தாண்டி இருப்பவனிடம் சொல்வதற்கு அதைவிடச் சுலபமான பொய் கிடையாது. நானும் நம்பியது போலவே பேசிக்கொண்டிருந்தேன்.

2

எல்லாம் எங்கள் பக்கத்துவீட்டு கிரகாமால் வந்தது. கிரகாம் வெள்ளைக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில் கறிக்கோழி வளர்க்கிறார். அடிப்பாகம் இல்லாத ஒரு கம்பிவலைக் கூண்டு, மேலே பாதிக்குத் தகரம். தினமும் ஒரு முனையைத் தூக்கி இழுத்து, கூண்டின் நீளத்துக்குத் தள்ளி வைப்பார். உள்ளே இருக்கும் கோழிகளும் கூடவே நடந்து புதுப் புல்லுக்கு வந்துவிடும். நேற்று நின்ற இடத்தில் எச்சம் உரமாகிவிடும். வேலை அவ்வளவுதான். வேலிக்கு இந்தப் பக்கம் காப்பியோடு நின்று பல வருசம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு வேறொரு படம் ஓட ஆரம்பித்தது: அக்கா வீட்டை ஒட்டி எங்கள் தோட்டம். பன்னீர் திராட்சையைப் பிடுங்கிப் போட்ட பிறகு பந்தல் கல்தூண்கள் மட்டும் நிற்க, புல் மண்டிக் கிடக்கும் நிலம்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்துப் படிக்கவைத்தவள் அக்கா. மாமாவும் இறந்துவிட்டார். பிள்ளை கிடையாது. முழங்கால் தேய்ந்த ஒருத்தி அந்தத் தோட்டத்தில் தனியாக இருக்கிறாள் என்ற நினைப்பு என்னை இங்கே நிம்மதியாகத் தூங்கவிட்டதில்லை. கோழி ஒரு தடவை கைகொடுத்தால் போதும், வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விடலாம் என்று முடிவு செய்தேன். சாந்தி மறுக்கவில்லை. போய்ப் பாருங்கள் என்றாள். போன ஆடியில் சம்பளமில்லாத நீண்ட விடுப்பில் ஊர் போய்ச் சேர்ந்தேன்.

கம்பம் டவுனில் குழாயும் வலையும் வாங்கி, வெல்டிங் பட்டறையில் கூண்டுகள் செய்து இறக்கினேன். அக்கா ஒரு கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அடியில ஒண்ணும் இல்லையேடா?"

"அதான்க்கா விசயமே. கோழி புல்லு திங்கணும்ல."

"கூண்டத் தூக்கிக்கிட்டுத் திரியிறதுக்கா ப்ளேன் ஏறி வந்த?"

அன்றைக்குச் சாயங்காலமே ஆடிக் காற்று ஒரு கூண்டைத் தூக்கிப் பக்கத்துத் தோட்டத்து வாழைக்குள் எறிந்துவிட்டது. கிரகாமின் ஊரில் காற்று பிள்ளைக்குத் தலைவாரி விடுவது போல வீசும். எங்கள் பள்ளத்தாக்கில் ஆடி மாசம் என்ன காற்று அடிக்கும் என்பது அங்கே பிறந்து வளர்ந்த எனக்கு எப்படி மறந்தது என்று தெரியவில்லை. கல்தூண்களில் கூண்டுகளைக் கட்டிப்போட்டேன். பின்னால் கோழி வந்த பிறகு அவற்றைத் தினமும் அவிழ்த்து, தூணுக்குத் தூண் வளைத்து நெளித்து இழுக்க வேண்டியிருந்தது. நேர்கோட்டில் இழுக்கத் தோட்டத்தில் இடமே கிடையாது.

காற்று ஓய்ந்து, புரட்டாசிக் கடைசியில் பல்லடம் பக்கமிருந்து குஞ்சுகள் வந்தன. அட்டைப்பெட்டிக்குள் மஞ்சளாகக் கத்திக்கொண்டு. மாமா இருந்தபோது உரமூட்டை அடுக்கிய அறையில் குண்டு பல்பு போட்டுச் சூட்டில் வைத்தோம். கேலி பேசிய அக்காதான் தண்ணீர் மாற்றினாள், ஈரம் பட்ட உமியை அள்ளிப் போட்டாள். குஞ்சுகள் சிறகு முளைத்துப் புல்லில் இறங்கிய அன்று, வெயிலில் அத்தனையும் தலை குனிந்து புல்லைக் கொத்துவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பிராய்லரு நடக்கும்னே எனக்குத் தெரியாதுடா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை மாமா போன பிறகு நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்து, நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு காலைப்பொழுதுதான்.

3

ஐப்பசியில் ஒருநாள் மதியம், தீவன மூட்டை எடுக்க நான் கம்பம் போயிருந்தேன். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் மழை விட்டதும் போங்க என்றார், நானும் நின்றுவிட்டேன். நியூசிலாந்து மழை பன்னீர் தெளிப்பது போலத் தெளித்துக்கொண்டே இருக்கும், கோழி அதிலேயே மேயும். எங்கள் மழை அப்படியா பெய்யும்? வாய்க்கால் பொங்கித் தோட்டத்துக்குள் தண்ணீர் ஏறியது. கூண்டுக்கு அடிப்பாகம் இல்லை. கோழிகள் தகரம் போட்ட மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் செத்தன.

நான் வந்தபோது அக்கா தொப்பலாக நனைந்து, முந்தானையில் கோழிகளை அள்ளி அள்ளி வீட்டுக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு எத்தனை நடை நடந்தாளோ. அடுப்படி, கூடம், கட்டிலுக்கு அடி என்று எங்கு பார்த்தாலும் ஈரக் கோழி. ஒன்று விறைத்துப்போய் இருந்தது. செத்துவிட்டது, வெளியே போடு என்றேன். அவள் காதில் வாங்காமல் அதைப் பழைய சேலையில் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அது தலையைத் தூக்கியது.

பாதிக்கு மேல் போய்விட்டன. மறுநாள் குழி வெட்டிப் புதைத்தோம்.

நிவாரணம் கிடைக்குமா என்று கேட்கத் தேனியில் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"ஷெட்டு அளவு என்ன சார்?"

"ஷெட்டு கிடையாது சார். புல்லுலதான் வளக்குறோம்."

"ஷெட்டு இல்லாம கோழிப்பண்ணைன்னு எப்படி எழுதுறது?"

"அப்ப என்னன்னு எழுதுவீங்க?"

அவர் கொஞ்சநேரம் உண்மையாகவே யோசித்தார். "வீட்டுக்கோழின்னு எழுதலாம். ஆனா வீட்டுக்கோழின்னா இம்புட்டு எண்ணிக்கை இருக்காதே சார்." பிறகு என் ஆதார் கேட்டார். நான் வெளிநாட்டுக் குடிமகன் என்றதும், ஏதோ காயத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்த்து, "அப்ப ஒங்களுக்கு இங்க எதுவுமே வராது சார்" என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை.

4

மிஞ்சியவை நன்றாகவே வளர்ந்தன. கெட்டியான கால், சிவந்த கொண்டை. விற்கக் கொண்டுபோனால் கம்பத்தில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: நாட்டுக்கோழியா, பிராய்லரா? புல்லில் மேய்ந்த பிராய்லர் என்றேன். அப்படி ஒன்று கிடையாது என்றார்கள். நாட்டுக்கோழி தின்கிறவர்கள் வெள்ளை இறகைப் பார்த்ததும் நகர்ந்தார்கள். பிராய்லர் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்டதும் நகர்ந்தார்கள். கடைசியில் கறிக்கடை பாண்டியண்ணன்தான் எனக்காக இரக்கப்பட்டு, சாதாரண பிராய்லர் விலைக்கு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார்.

படிக்கிற நீங்கள் இந்த இடத்தில் என்னையும் கோழியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பீர்கள். அங்கேயும் சேராதது, இங்கேயும் சேராதது என்பீர்கள். வேண்டாம். அந்தக் கோழிகளாவது யாருக்கோ குழம்பாயின.

பாண்டியண்ணன் வண்டியில் கோழிகளை ஏற்றும்போது ஒன்று குறைந்தது. அக்கா வீட்டுக்குள்ளிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மழைநாளில் அடுப்போரம் பிழைத்த சேவல். காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தது.

"இத ஏத்தாதிக. கருப்புக்கு நேந்துவிட்டுட்டேன். என் தம்பி ஊரோட வந்துட்டா மாசியில அறுத்துப் பொங்க வைக்கிறேன்னு சொல்லிட்டேன்."

பாண்டியண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"ஆத்தா, பிராய்லர யாராச்சும் நேந்துவிடுவாகளா? இப்பவே எடை ஏறி நிக்கிது. மாசிக்கு இன்னும் எம்புட்டு நாளு கெடக்கு. நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போகும்."

"சாமிக்கு விட்டது சாகாது."

பாண்டியண்ணன் தராசைத் தூக்கி வண்டிக்குள் வைத்துவிட்டார். சாமிக்கு விட்டதை எடைபோட்டுப் பேசக்கூடாது. எங்கள் பக்கத்தில் நேர்ந்துவிட்ட கிடாயோ சேவலோ ஊர் முழுக்க மேயும், யார் வீட்டு நெல்லில் வாய்வைத்தாலும் விரட்டமாட்டார்கள். வேண்டுதல் பலிக்க ஒரு வருசம் ஆனாலும் இரண்டு வருசம் ஆனாலும் அது காத்திருக்கும். காத்திருக்கிற உயிரைத்தான் நேர்ந்துவிடுவார்கள். எந்த ஊரிலாவது ஒரு மனுசி, இரண்டு மாசத்தில் அறுப்பதற்கென்றே உண்டாக்கிய கோழியைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறாளா?

வண்டி போன பிறகு நான் மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, அண்ணன் சொன்னது நெசந்தான். இது ரொம்ப நாளைக்கு இருக்காதுக்கா."

"அப்ப நீ சீக்கிரம் வா" என்றாள்.

5

திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் வழக்கமான கேள்வி. பண்ணை எதற்காவது போனீர்களா, விலங்குகளைத் தொட்டீர்களா? மறைத்தால் அபராதம். கோழி வளர்த்தேன் என்றேன். அதிகாரிப் பெண் பெட்டியைத் திறந்து தோட்டத்துச் செருப்பை எடுத்தாள். அடியில் மண்ணும் எச்சமும் காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே எடுத்துப்போய், மருந்து போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் சொட்டாமல் ஒரு பையில் போட்டு, புன்னகையோடு திருப்பிக் கொடுத்தாள். வாங்கின அன்றைக்குக்கூட அந்தச் செருப்பு அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. நான் நன்றி சொன்னேன். சொல்லாமல் என்ன செய்வது.

அடுத்த வாரமே வேலையில் சேர்ந்தேன். மகள் நிலா பல்கலைக்கழகத்தில் சேரப்போகிறாள், வீட்டுக்கடன் இருக்கிறது, சாந்தியின் ஆஸ்பத்திரி வேலை இருக்கிறது. இதெல்லாம் போகும்போதும் இருந்தவைதான். கோழி ஜெயித்திருந்தால் இவற்றையெல்லாம் எப்படியாவது சமாளித்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள அப்போது ஒரு வழி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. சூப்பர்வைசர் வேலை தருகிறோம், நீண்ட விடுப்பு மட்டும் இனி கேட்கக்கூடாது என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கோழியை மட்டும் காட்டினாள்.

6

அக்கா வீடியோவில் கூப்பிடும்போது அவளுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், எனக்குச் சாயங்கால வெயில். மார்கழியில் கோழி கல்தூண் நிழலில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. தீவனத்தைக் குறைத்து, கீரையும் புல்லும் மட்டும் போடச் சொன்னேன். கொஞ்சநாள் கேட்டாள். பிறகு, "பசியில கத்துதுடா, சாமி கோழியப் பட்டினி போடச் சொல்றியா?" என்று கம்பஞ்சோறு வைத்தாள். தை பிறந்தபோது அது இரண்டு எட்டு வைத்ததும் உட்கார ஆரம்பித்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை. காலையில் அக்கா அதைத் தூக்கிப் புதுப் புல்லில் வைப்பாள். வெயில் ஏறியதும் நிழலுக்குத் தூக்குவாள். கூண்டை இழுத்து நகர்த்துகிற வேலையை இப்போது கூண்டில்லாமல் அக்கா தன் கையால் செய்தாள். கேமராவில் அவள் கால் தாங்கித் தாங்கி வைப்பதும் தெரியும். இரண்டு பேரில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் நிலா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் இறைச்சியை விட்டு இரண்டு வருசமாகிறது. அத்தையோடு பேசுவது குறைந்தும் அவ்வளவு காலமாகிறது. தமிழ் வாய்க்குள் வரும், வெளியே வருவதற்குள் வெட்கப்பட்டு நின்றுவிடும்.

"அத்தை, அதுக்கு வலிக்குது" என்றாள்.

"வலிக்கத்தான் செய்யும் தாயி. கொஞ்சம் பொறுத்துக்கிருச்சுன்னா ஒங்கப்பா வந்துருவாரு."

நிலா என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டாள், நீ போகப்போகிறாயா என்று. நான் போனை மறுபக்கம் திருப்பினேன். போகவில்லை என்றால் அத்தையிடம் சொல்லு, அந்தக் கோழி உனக்காகத்தான் சாகாமல் கிடக்கிறது என்றாள். சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கோபம் கோழிக்காகவா அத்தைக்காகவா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அன்றிரவு சாந்தியும் அதையே வேறு மாதிரி சொன்னாள். "அண்ணிகிட்ட சொல்லிருங்க. பாவம்."

சொல்லத்தான் நினைத்தேன். மறுநாள் போனை எடுத்தேன். அக்கா கோழிக்கு ஸ்பூனில் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தாள். "இந்தா, ஒங்க மாமா வந்துட்டாக பாரு" என்று அதன் தலையைத் தூக்கி என்னைக் காட்டினாள். சாப்பிட்டியா அக்கா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கேமரா கெட்டுப்போனது.

7

இன்றைக்குச் சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். வீடியோ இல்லை, குரல் மட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் கிரகாம் கூண்டை இழுத்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் பின்னால் படியில் உட்கார்ந்தேன்.

"கும்பிடெல்லாம் நல்லா நடந்துச்சாக்கா?"

"நடந்துச்சு. எல்லாரும் வந்திருந்தாக. ஒன்னயத்தான் கேட்டாக."

"கோழி?"

அவளுக்குப் பின்னால் யாரோ டிராக்டர் ஓட்டிப்போகும் சத்தம்.

"அது அப்பவே போயிருச்சுடா. போன வாரம். வெயிலுக்குத் தூக்கி நெழல்ல வச்சேன். வச்ச மேனிக்கே போயிருச்சு. பாண்டி சொன்ன மாதிரிதான்."

"ஏன்க்கா சொல்லல?"

"என்னத்தச் சொல்லச் சொல்ற? மழையில செத்ததுகளப் பொதச்சோம்ல, அங்கனயே பொதச்சுட்டேன். சாமிக்கு விட்டதத் தூக்கி வெளிய எறிய முடியுமா?"

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். ஒரு பிராய்லர் கோழிக்காக இவ்வளவு அழுகிறவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோழிக்காக அழவில்லை என்பது எனக்கும் தெரியும். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கோழி போய்விட்டது, இனிமேல் காக்கவைக்க ஒன்றும் இல்லை.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்ல வேணாம்டா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோறு போதும் என்று கைமறிப்பது போலச் சொன்னாள். "நேத்து கருப்பு முன்னாடி நின்னு நானே மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன். தப்பு எம்மேலதான் சாமி, தாங்காத உசுர நேந்துவிட்டுட்டேன்னு."

நான் மூக்கை உறிஞ்சியது அவளுக்குக் கேட்டிருக்கும்.

"இரு, ஒண்ணு காட்டுறேன்."

கெட்டுப்போன கேமரா திறந்துகொண்டது. முதலில் வானம், பிறகு கல்தூண், பிறகு அவளுடைய உள்ளங்கை. கையில் ஒரு குஞ்சு நின்றது. செம்பட்டை நிறம், குச்சி மாதிரிக் கால், அதில் சுற்றிச் சுற்றிக் கட்டியும் தொங்கிக்கொண்டிருக்கும் மஞ்சள் துணி.

"நாட்டுச் சேவலுடா. கோம்பையில இருந்து வாங்கியாந்தேன். நேத்தே நேந்துவிட்டுட்டேன்" என்றாள். "இது எத்தன வருசமானாலும் கெடக்கும். நீ மெதுவா வா."